கொழுக்கட்டைக்குள் ஜீவசத்து

ஊட்டிக்குப் போகிறவர்கள் வர்க்கியும் நீலகிரித் தைலமும் வாங்கி வருவது வழக்கம். வர்க்கியைத் தின்கிறோம், தைலத்தைத் தடவிக்கொள்கிறோம். இரண்டும் என்ன செய்கின்றன என்பது விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். இப்போது அந்தக் கடைவீதியில் மூன்றாவது சரக்கு ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. 'லிபோஸோமல் வைட்டமின் ஸி' என்று பெயர். தின்பதற்கும் உண்டு, முகத்தில் பூசிக்கொள்வதற்கும் உண்டு. இது என்ன செய்யும் என்று ஒரு கடைக்காரரைக் கேட்டேன். "நல்லா உள்ளே போகும் சார்" என்றார். எதற்குள்ளே என்று கேட்டேன். அவர் புட்டியைத் திருப்பி விலையைக் காட்டினார்.

லிபோஸோமைப் பழிப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அது அருமையான கண்டுபிடிப்பு. சோயா மொச்சையிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் லெசித்தின் என்றொரு கொழுப்பு இருக்கிறது. அதன் மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீரைக் கண்டால் ஓடும். தண்ணீரில் விட்டால் வால்களை நடுவில் மறைத்துக்கொண்டு, இரண்டு அடுக்காக அணிவகுத்து, சின்னஞ்சிறு உருண்டைகளாக மூடிக்கொள்ளும். நம் பாஷையில் சொன்னால் கொழுக்கட்டை. பூரணத்தின் இடத்தில் மருந்தை வைக்கலாம். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாபிரகாம் என்ற ஊரில் அலெக் பாங்ஹாம் இதைக் கண்டார்; எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை ஹார்ன் என்பவரோடு சேர்ந்து 1964இல் வெளியிட்டார்.

இதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆம்போடெரிஸின் என்ற மருந்து பூஞ்சையைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். லிபோஸோமுக்குள் வைத்துக் கொடுத்தால் அந்தக் கொடுமை வெகுவாகக் குறைகிறது. 2021இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, அந்த மருந்துக்காக நம் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அலைந்து தவித்ததை யார் மறப்பார்கள்?

ஆனால் முகப்பூச்சு வியாபாரிகள் அதற்கு வெகு முன்பே கொழுக்கட்டையைக் கைப்பற்றிவிட்டார்கள். 1986இல் பிரான்ஸ் தேசத்து டியோர் கம்பெனி 'காப்ச்சூர்' என்று ஒரு பூச்சைக் கொண்டுவந்தது. அன்றைக்குத் தொடங்கிய கூவல் இன்னும் ஓயவில்லை. தோலின் மேற்பரப்பு என்பது என்ன? செத்த செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய மதில். வெளியாரை உள்ளே விடக்கூடாது என்பதற்காகவே இயற்கை கட்டியது. சாதாரண லிபோஸோம் மதிலின் மேல்வரிசைகளிலேயே உடைந்து கலந்துவிடுகிறது. உள்ளிருந்த சத்தில் கொஞ்சம் கசிந்து இறங்கலாம். தோல் சற்று மிருதுவாகலாம், ஈரம் நிற்கலாம். தோலை மிருதுவாக்குகிற வேலையைத் தேங்காய் எண்ணெயும் செய்கிறது. அதற்குக் கிரேக்கப் பெயர் இல்லை, பாவம்!

வயிற்றுக்குள் போகிற கொழுக்கட்டையைப் பித்தநீரும் கணையநீரும் காத்திருந்து கரைக்கின்றன. அப்படியும், சில சிறிய சோதனைகளில் சாதா மாத்திரையைவிட இதனால் இரத்தத்தில் சத்து அதிகம் ஏறியது உண்மைதான். ஏறட்டும், ஏறி எங்கே போகிறது? வைட்டமின் ஸியை உடம்பு ஓர் அளவுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 என்று நிர்ணயித்தது. கடையில் நான் பார்த்த பொட்டலத்தில் 1000!

அந்த ஐதராபாத் நிறுவனம் பிறந்தது நீலகிரியில் என்பது, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பூப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிஸன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாகி, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. மெக்காரிஸன் இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவைத் தின்ற எலி கொழுகொழுவென்று முதலில் நின்றது. தீட்டிய அரிசியும் கொஞ்சம் காய்கறியுமாக மதராசி உணவைத் தின்ற எலி கடைசியில் நின்றது. நமக்குக் கோபம் வரலாம். எலிக்கு மாகாண அபிமானம் கிடையாது.

அவருக்குப் பின் தலைமைக்கு வந்த ஆய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940இல் அரிசிப் பிரச்சினையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிகளிலிருந்து தெரிந்தது இதுதான். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கிற தயமின் என்ற ஜீவசத்து தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கும். பச்சரிசியைத் தீட்டினாலோ, சத்து தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். வடக்கு ஆந்திரக் கடற்கரையில் மில் பச்சரிசி தின்றவர்களைப் பெரிபெரி பிடித்தது. தமிழ்நாட்டில் புழுங்கலரிசி தின்ற ஏழையைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. சத்தை உள்ளே செலுத்துவது என்றால் இதுவல்லவா? முதன்முதலில் நெல்லை அவித்த கிழவிக்குப் பெயரும் இல்லை, பேட்டண்டும் இல்லை. நாமோ பச்சரிசி கௌரவம், புழுங்கல் கூலிக்காரன் சோறு என்று வெகுகாலம் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தோம்.

யாருக்குக் குறை இருக்கிறதோ அவரிடமிருந்து கணக்கைத் தொடங்கியது அந்தக் குன்னூர் விஞ்ஞானம். யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடமிருந்து தொடங்குகிறது இந்தப் புட்டி விஞ்ஞானம். என் சண்டை இதனோடுதான்.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் வழியில், கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் பிடிக்காத பிரயாணி கிடையாது. 2019–21ஆம் வருஷத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. படத்தில் அது தெரிவதில்லை. அவள் பறிக்கிற இலையே இதில் அவளுக்குச் சத்துருவாகிறது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேநீரின் துவர்ப்பு கட்டிப்போட்டுவிடும். அதே சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், இரும்பு அதிகமாக இரத்தத்தில் சேரும். வைட்டமின் ஸிக்கு உண்மையாக வேலை காத்திருக்கிற இடம் லயன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு. புட்டியின் விலையோ அவளுடைய பல நாள் கூலி.

"இரும்பையே லிபோஸோமில் வைத்துத் தருகிறோமே!" என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நல்லது. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கி எறிகிற பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு இது உதவுமென்று நிரூபித்தால் முதலில் கை தட்டுகிறவன் நான். நிரூபித்த பிறகு, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கும் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அது இலவசமாக வரட்டும்.

கண்ணாடி அலமாரியில் இருக்கிற புட்டிகளைப் பொறுத்தவரை நான் கேட்பது சொற்பம். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே அந்தச் சத்தில் குறை இருந்ததா, சாதா மாத்திரையோடு ஒப்பிட்டார்களா, சோதனைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிட வேண்டும். முகப்பூச்சு என்றால் தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிற்று என்பதையும் சேர்க்க வேண்டும். இடம் போதவில்லையென்றால் அட்டையில் சிரிக்கிற அந்த இளம் பெண்ணின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.