குளிர்பதனம் யார் கையில்?

பறித்த தக்காளி விவசாயிக்குக் கெடு வைக்கிறது. செடியிலிருந்து இறங்கியதுமே அது வாடத் தொடங்குகிறது. கோடையில் சில நாட்களுக்குள் கசிந்து போகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பெட்டி கொண்டுவரும் சிறு விவசாயிக்கு இது தெரியும். கமிஷன் மண்டிக்காரருக்கும் தெரியும். “இந்த விலை கட்டாது” என்று சொல்லிச் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோனால் வண்டி வாடகையும் நஷ்டம், சரக்கும் நஷ்டம். ஆகவே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். பறிகூலிக்கே கட்டாத நாளில் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வருகிறார். விலை விழுந்ததும் முதலில் வெட்டு விழுவதும் அந்தப் பறிகூலியில்தான். ஆனால் பட்டணத்து ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கு அந்தத் தக்காளி வந்து சேரும்போது, அந்த மலிவு அதனுடன் வந்து சேருவதில்லை!

“விளைச்சல் அதிகம், அதனால் விலை விழுந்தது” என்று பெரிய மனிதர்கள் சமாதானம் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குக் காயும் பழமும் போதுமான அளவு கிடைக்காத நாட்டில் இந்தச் சமாதானம் எப்படிச் செல்லும்? லூதியானாவிலுள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூறு கிலோ தக்காளியில் 12 கிலோவுக்கு மேலும், நூறு கிலோ கொய்யாவில் 15 கிலோவுக்கு மேலும், அறுவடை முதல் கடை வரையிலான வழியில் வீணாகின்றன. உழைத்து விளைவித்தது அழுகுகிறது. உண்ண வேண்டியவன் வீட்டில் இல்லை.

இதற்கு விஞ்ஞானம் மருந்து கண்டிருக்கிறது. பறித்த பின்னும் காய்கனிகள் மூச்சு விடுகின்றன. சூடு ஏறினால் மூச்சு வேகமாகிச் சீக்கிரம் கெடும்; குளிர்வித்தால் மூச்சு அடங்கி நாள் தாங்கும். உருளைக்கிழங்கை 4 டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில் வைக்கலாம். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுத்துவிடும். கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். உறைந்த மீனையும் இறாலையும் பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரியில் வைக்க வேண்டும். தக்காளியை மாதக்கணக்கில் வைக்க முடியாது. ஆனால் ஒன்றிரண்டு வாரம் தாங்கினாலே வேறொரு ஊருக்கு அனுப்பி நல்ல விலை பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வயலிலிருந்து கடை வரை அந்தக் குளிர்ச் சங்கிலி அறுபடக் கூடாது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் முன்னால் செய்த செலவெல்லாம் வீண்.

ஐஸ் கட்டியை நம்பியிருந்த காலத்தில் தூர ஊருக்கு லாரியில் இறைச்சி அனுப்புவது சூதாட்டம். மேடுபள்ளத்தில் குலுங்கினாலும் நின்றுபோகாத குளிர் இயந்திரத்தை லாரியில் பொருத்திக் காட்டியவர் யார் தெரியுமா? சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, மோட்டார் பட்டறையில் தொழில் கற்ற ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளி. அவருக்கு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உழைப்பாளியின் மூளையில் பிறந்த சாதனம் இன்று யாருக்கு ஊழியம் செய்கிறது? இதுதான் கேள்வி.

குளிர்பதனம் சரக்கை மட்டும் காப்பாற்றுவதில்லை, காத்திருக்கும் சக்தியையும் கொடுக்கிறது. சந்தையில் யாரால் காத்திருக்க முடிகிறதோ அவனே விலை சொல்கிறான்.

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நமது உழைப்புச் சக்தியும் அழுகும் சரக்குத்தானே? இன்று விற்காத இன்றைய நாளை நாளைக்கு விற்க முடியாது. முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் பொறுப்பான். தொழிலாளியின் அடுப்பு மூன்று நாள் பொறுக்காது. அதனால்தான் சங்கம் கண்டோம், போராட்ட நிதி சேர்த்தோம். தனியாகக் காத்திருக்க முடியாதவர்கள் சேர்ந்து காத்திருக்கிறோம். தக்காளி விவசாயியின் நிலைமையும் இதே நிலைமைதான்.

நாட்டில் குளிர்பதனக் கிடங்குகளே இல்லையா? இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்பதைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் குளிர்பதன வளர்ச்சி மையத்துக்காக நபார்டு ஆலோசனை நிறுவனம் 2015-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தேவை சுமார் 351 லட்சம் டன் கிடங்கு வசதி. இருந்தது சுமார் 318 லட்சம் டன். அதாவது பத்தில் ஒன்பது பங்கு இருந்தது. குளிர் லாரிகளோ சுமார் 62,000 தேவை. இருந்தவை 10,000-க்கும் குறைவு. வயலுக்குப் பக்கத்தில் காயைத் தரம் பிரித்து, முதல் குளிர் கொடுத்துக் கட்டி அனுப்பும் நிலையங்கள் 70,000 தேவை, இருந்தவை 249!

இந்தக் கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வாங்கியவன் பதுக்கி வைக்கும் இடத்தில் குளிர் இருந்தது. விளைவித்தவன் நிற்கும் இடத்தில் இல்லை. கிடங்கு கட்டுவோருக்கு மத்திய சர்க்காரின் தோட்டக்கலைத் திட்டம் சமவெளியில் செலவில் 35 சதவீதம் வரையிலும், மலைப்பகுதியில் 50 சதவீதம் வரையிலும் மானியம் தருகிறது. இது ஜனங்களின் வரிப்பணம். நிலமும் முதலும் உள்ளவனுக்கே இந்த மானியம் எளிதில் எட்டும்.

2020-ல் அத்தியாவசியப் பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். காய்கனிகளின் சில்லறை விலை இரட்டிப்பானால்தான் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம் என்றார்கள். அப்போதுதான் தனியார் முதல் வரும், குளிர்பதனக் கிடங்கு பெருகும் என்பது அவர்களுடைய வாதம். விவசாயி அறுவடையில் அரை விலைக்கு விற்க, வாங்கியவன் கிடங்கில் வைத்து இரட்டை விலைக்கு விற்கச் சட்டமே வழி திறந்தது. டில்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021-ல் மூன்று சட்டங்களும் வாபஸாயின. காத்திருக்க முடியாதவர்கள் என்று கணக்குப் போட்டவர்களைக் காத்திருந்தே ஜெயித்தார்கள்!

“தனியார் கிடங்கில் விவசாயி வாடகை கொடுத்து வைக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். எப்படி வைப்பார்? மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார். நாளைக்கே வட்டி கட்ட வேண்டும். கிடங்கு ரசீதை வைத்துக் கடன் வாங்க 2007-ம் வருடத்துச் சட்டம் வழி சொல்கிறது. ஆனால் பத்துப் பெட்டி கொண்டுவருபவருக்கு அந்த வழி எட்டாத உயரத்தில் இருக்கிறது. குளிரும் கடனும் சேர்ந்து கிராமத்துக்கு வந்தால்தான் அவரால் காத்திருக்க முடியும்.

இது நடக்கக்கூடிய காரியமா? குஜராத்தின் கேடா ஜில்லாவில் நடந்தது. 1945-ல் பம்பாய் சர்க்கார், ஆனந்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பம்பாய்க்குப் பால் அனுப்பும் வேலையைப் போல்சன் என்ற தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. லாபம் கம்பெனிக்கும் தரகருக்கும். கறந்தவனுக்கு அற்ப விலை. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் விவசாயிகள் கூடி, எங்கள் சங்கத்துக்கன்றிப் பால் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. சர்க்கார் இறங்கி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று; 1948-ல் பாலைப் பதப்படுத்தி அனுப்பத் தொடங்கியது. பிற்பாடு அமுல் என்று பெயர் பெற்றது அதுதான். தலைமை தாங்கிய திரிபுவன்தாஸ் பட்டேல் காங்கிரஸ்காரர். அதனால் நமக்குப் பாடம் குறைந்துவிடாது. தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும் சரக்கு பால். அதை வைத்தே ஜெயித்தார்கள் என்றால், ஐக்கியமும் குளிர்பதனமும் அவர்கள் கையில் சேர்ந்ததுதான் காரணம்.

இந்தச் சங்கிலியில் வேலை செய்வோரையும் மறக்கலாகாது. உறைபனி அறையில் மூட்டை தூக்கிவிட்டு அனல் வெயிலுக்கு வெளியே வருகிற சுமைத் தொழிலாளி, ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போக இறால் உரிக்கும் பெண், குறித்த நேரத்துக்குச் சரக்கைச் சேர்க்கத் தூக்கத்தைத் துறக்கும் லாரி டிரைவர்: இவர்களுக்குக் கம்பளிச் சட்டை, கையுறை, ஓய்வு நேரம், நிரந்தர வேலை ஏதாவது உண்டா? சரக்குக்கு எத்தனை டிகிரி என்று ஓயாமல் பார்க்கிற முதலாளி, மனிதனுக்கு எத்தனை டிகிரி என்று பார்ப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது இது: வயலோரக் குளிர் நிலையங்களைச் சர்க்கார் பணத்தில் கட்டு, கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படை. அங்கு வைத்த சரக்கின் பேரில் அன்றே கடன் கொடு. பதுக்கலுக்கு வரம்பு கட்டு. குளிர் அறைத் தொழிலாளிக்குப் பாதுகாப்பும் நியாயமான கூலியும் கொடு.

வயலில் நிற்பவரும் ஆலையில் நிற்பவரும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். அழுகும் சரக்கை விற்கும் இருவரும் ஒரே வர்க்கச் சுரண்டலுக்கு இரையானவர்கள். இருவரும் சேர்ந்து காத்திருக்கக் கற்றுக்கொண்டால், விலை சொல்லும் உரிமை நம்மிடம் வந்தே தீரும்!