குமாரமங்கலம் குடும்பம் எந்தச் சாதிக்குச் சொந்தம்?



ஒரு வாரமாகக் குடும்பக் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தாரின் முகங்கள்; அதற்குக் கீழே "நம்ம ரத்தம், நம்ம பெருமை". எனக்கும் நாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். படத்தில் இருப்பவர்கள் பெரியவர்கள்தான். கீழே இருக்கும் எழுத்துத்தான் பொய்.

டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர். மூத்த மகன் ஜெனரல் குமாரமங்கலம், 1942-இல் லிபியப் பாலைவனத்தில் போரிட்டு எதிரியிடம் சிறைப்பட்டவர். 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. நாது லாவில் 1967-இல் சீனப் படையை நம் வீரர்கள் எதிர்த்து நின்றது இவர் காலத்தில்தான். இன்னொரு மகன் மோகன், 1940-இன் சென்னைச் சதி வழக்கில் சிறை சென்ற கம்யூனிஸ்ட். பிறகு மத்திய உருக்கு, சுரங்கத்துறை அமைச்சராகி நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியவர். மகள் பார்வதி கிருஷ்ணனைக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமீன் வீட்டுப் பெண், மில் தொழிலாளர் பக்கம் நின்று 1957, 1974, 1977 என மூன்று முறை நம் ஊர் எம்.பி. ஆனார்.

இப்போது "நம்ம ரத்தம்" என்பதற்கு வருவோம். சுப்பராயன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மணந்தது மங்களூர் ராதாபாயை. வேறு சாதி, வேறு மொழி. அந்த அம்மாளின் தந்தை குத்மல் ரங்கராவ், பிராமணராகப் பிறந்து, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதால் சொந்தச் சாதியாரிடம் ஏச்சு வாங்கியவர். ராதாபாயோ 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். மகன் மோகன் மணந்தது வங்காளத்துப் பெண்ணை. நீங்கள் கொண்டாடும் பிள்ளைகள் எல்லாரும் சாதி தாண்டிய கல்யாணத்தில் பிறந்தவர்கள், கண்ணுகளா!

அதே திருச்செங்கோட்டில் 2015-இல் என்ன நடந்தது? கோயிலுக்கு ஒரு பெண்ணோடு வந்த தலித் இளைஞரைக் கடத்திக் கொன்று ரயில் பாதையில் போட்டார்கள். 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் ஒருவர் சாதிப் பேரவைத் தலைவர். ஆணும் பெண்ணும் சரிபாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலை அது. அங்கே பேசியதற்கே கொலை என்றால், இன்றைக்கு ஒரு சுப்பராயன் ராதாபாயை அழைத்து வந்தால் இந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

"ஜமீன் வசதி இருந்தது, சாதித்தார்கள்" என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் மகன்கள் படித்த காசு குடியானவன் கொடுத்த வரி. அதனால்தான் பிறப்பைப் பெருமையாகப் பேசாதீர்கள் என்கிறேன். அவர்களுக்குக் கிடைத்த படிப்பு நம் பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று பேசுங்கள்.

படத்தை அழிக்க வேண்டாம். கீழே உள்ள வரியை எடுத்துவிட்டு, ராதாபாய் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளை வேறு சாதியில் மனம் வைத்து வந்து நிற்கும்போது, அரிவாளைத் தேடாமல் அந்தப் படத்தைப் பாருங்கள்.

மறுப்பு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் மாதிரியே, ஒருவர் பின் ஒருவராக.