நம்ம நிறத்தை யார் பிரிண்ட் பண்றது?

உங்க பத்தாவது குரூப் போட்டோவை வீட்ல தேடி எடுத்துப் பாருங்க. நிஜத்துல இருக்கற நிறத்துலயா அதுல இருக்கீங்க? பெரும்பாலும் இருக்க மாட்டீங்க. ரெண்டு மூணு ஷேடு ஏத்தி, கன்னமும் நெத்தியும் மாவு பூசின மாதிரி ஆகியிருக்கும். நாம யாரும் கேக்கல. 'கரெக்‌ஷன்'ங்கற பேர்ல அது தானா நடக்குது.

இப்போ ஃபைனல் இயர் குரூப் போட்டோ வரப்போகுது. என் கருத்து இதுதான்: போட்டோவை யார் வேணும்னாலும் எடுக்கட்டும், பிரிண்ட்டை மட்டும் வெளியே குடுக்காதீங்க. யாராவது ஒருத்தர் வீட்ல வச்சு, ஃபைன் ஆர்ட் ரோல் பேப்பர்ல நாமளே போடுவோம்.

இந்த வெளுக்கற பழக்கம் நம்ம ஊர் ஸ்டூடியோவோட மட்டும் நிக்கல. 1950கள்ல இருந்து கோடாக் நிறுவனம் பிரிண்ட் லேப்களுக்கு 'ஷர்லி கார்டு'ன்னு ஒண்ணு அனுப்பிட்டு இருந்தது. அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அவங்க தோல் சரியா வந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். வேற நிறத்து ஆட்களும் இருக்கற கார்டு வர 1990கள் ஆச்சு. 'சரியான நிறம்' எதுன்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்றாங்க, அவ்ளோதான். அந்த யாரோ ஏன் நாமளா இருக்கக் கூடாது?

வீட்ல பிரிண்ட் போட்டாலும் ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். காட்டன் மேட் பேப்பரால க்ளாஸி அளவுக்கு ஆழமான கருப்பைக் காட்ட முடியாது. அதனால கருத்த முகத்துல இருக்கற நிழல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கண்ணுக்குக் கீழ, தாடைக்குக் கீழ எல்லாம் ஒரே தீற்றலா தெரியும். லேப்காரர் இதுக்குச் செய்யற வைத்தியம் மொத்த முகத்தையும் வெளுக்கறது. சரியான வைத்தியம் வேற. அந்தப் பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைலை பேப்பர் கம்பெனி சைட்லயே இலவசமா எடுக்கலாம். அதை வச்சு சாஃப்ட் ப்ரூஃப் போட்டா பேப்பர்ல எப்படி வரும்னு ஓரளவு ஸ்கிரீன்லயே தெரியும். நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்க, தோலோட நடு டோனைத் தொடாதீங்க. நிழலைத் தூக்கறதும் தோலை வெளுக்கறதும் ஒண்ணு இல்ல. ஆழமான கருப்புதான் வேணும்னா பரைட்டா வகை பேப்பர் இருக்கு.

இன்னொண்ணு, ஸ்கிரீன் பிரைட்னஸைக் குறைங்க. முழு வெளிச்சத்துல எடிட் பண்ணிட்டு 'பிரிண்ட் இருட்டா வருது'ன்னு புலம்பற ஆட்கள்தான் அதிகம். ஸ்கிரீன் தானா ஒளிரும். பேப்பர் மேல விழற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். பெரிய பிரிண்ட்டுக்கு முன்னாடி ஒரே முகத்தை நாலு விதமா வச்சு ஒரு சின்ன டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, ஜன்னல் பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த முகத்துக்காரரையே கூப்பிட்டு எது நீன்னு கேளுங்க. எந்த லேப்லயும் கேக்காத கேள்வி அது.

ஏன் ரோல்? ஷீட் வாங்கினா அதோட அளவுக்குள்ளதான் நிக்கணும். ரோல்ல நீளம் நம்ம கையில. அறுபது பேர் நிக்கற போட்டோ நீளமாத்தான் இருக்கும். கணக்கு போட்டுப் பார்ப்போம். 17 இன்ச் ரோல்ல 40 இன்ச் நீளத்துக்கு ஒரு குரூப் போட்டோ. இன்ச்சுக்கு 300 பிக்சல்னா நீளத்துக்கு 12,000, உயரத்துக்கு 5,100 பிக்சல் வேணும். 24 மெகாபிக்சல் கேமராவை டிரைபாட்ல நிமிர்த்தி வச்சா ஒரு ஃப்ரேம் 4,000 அகலம், 6,000 உயரம். 30 சதவீதம் ஓவர்லாப்போட நாலு ஃப்ரேம் எடுத்து ஒட்டினா 12,400 வந்துரும். நாலு ஃப்ரேம் முடியற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. இந்தக் கோடில நின்னுட்டு அந்தக் கோடிக்கு ஓடி ரெண்டு தடவை விழற ஆள் ஒவ்வொரு கிளாஸ்லயும் உண்டு, அவனை நடுவுல உக்கார வைங்க.

12 மீட்டர் ரோல்ல ரெண்டு குரூப் பிரிண்ட்டுக்கு 2 மீட்டர் சொச்சம் போகும். மீதில, அகலத்துக்கு ரெண்டா, 11 இன்ச் உயரத்துல தனித்தனி முகம் போட்டா 60 பேருக்கு 30 வரிசை, சுமார் 8.4 மீட்டர். ஒரு ரோல்ல ஒரு கிளாஸே அடங்கிருது, வெட்டற வேஸ்ட்டுக்கும் இடம் இருக்கு. ரோல் விலையைத் தனியா கேட்டா தலை சுத்தும்தான். 60ஆல வகுத்துப் பாருங்க, ஃபேர்வெல் டி-ஷர்ட் காசோட சேர்த்து யோசிக்கற அளவுக்கு இறங்கிரும்.

பிரிண்டரைப் புதுசா வாங்குங்கன்னு சொல்லல, அது ஒரு பைக் விலை. சும்மா வச்சா நாசில் அடைச்சுக்கும், க்ளீனிங் பண்ணியே இங்க் காலியாகும். கல்யாண போட்டோ எடுக்கற அண்ணனோ அக்காவோ ஏதாவது ஒரு வீட்ல இருப்பாங்க, அவங்ககிட்ட பிக்மென்ட் இங்க் பிரிண்டர் இருக்கான்னு கேளுங்க. டை இங்க்கை விட அது வெளிச்சத்துக்கு நல்லா தாங்கும். பேப்பர்ல ஆப்டிகல் பிரைட்னர் இல்லாததா பாருங்க. பிரைட்னர் போட்டது முதல்ல பளிச்னு இருந்தாலும் வருஷம் போகப் போக அந்த வெள்ளை குறையும், முகத்தோட நிறமும் கூடவே மாறும்.

வெட்டின பிரிண்ட் சுருளும், ரோலோட உள்பக்கம் போகப் போக இன்னும் அதிகமா. மேல ஒரு சுத்தமான பேப்பர் போட்டு, ராத்திரி முழுக்க மேத்ஸ் புக்கை வைங்க. அந்த எடைக்கு ஒரு உபயோகம்.

கிளாஸ் ரெப்கிட்ட இந்த வாரமே பேசுங்க. ஸ்டூடியோல பிரிண்ட்டோட சேர்த்து பேக்கேஜா பேசி அட்வான்ஸ் குடுத்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. எடிட் பண்ணாத ஒரிஜினல் ஃபைல் மட்டும் போதும்னு சொல்லச் சொல்லுங்க, அதையும் வாட்ஸ்அப்ல போட்டோவா வாங்காம பென்டிரைவ்ல வாங்கச் சொல்லுங்க.