2025இல் என் மனம் கவர்ந்தவை

ஆண்டு முடிந்ததும் அவ்வாண்டில் பிடித்தவை எவையெனப் பட்டியலிடுவது பத்திரிகைகளில் நெடுநாளைய வழக்கம். பிறரிடம் அத்தகைய பட்டியல்களைக் கேட்டுப் பெற்று ஞாயிறு இதழ்களில் வெளியிட்டு வந்த நான், இம்முறை என் பட்டியலையே எழுத எண்ணினேன். நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்துச் சென்ற ஓர் ஆண்டைப் பற்றி எழுதுகையில் கேளிக்கை குறித்த பேச்சு தகுமா என நண்பரொருவர் வினவினார். தகும் என்பதே என் கருத்து. ஊரடங்குக்கும் பாஸ் நடைமுறைக்கும் நடுவே வாழ்ந்த தலைமுறை நாங்கள். ஒரு படம் பார்ப்பதும் ஒரு தீவுக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவதும் எங்களுக்கு அற்ப விடயங்கள் அல்ல.

திரைப்படங்களில் முதலிடம் மே முதலாம் திகதி வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறித் தமிழகம் சென்றடையும் ஒரு குடும்பத்தின் கதை. அபிஷன் ஜீவிந்தின் முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் நடித்துள்ளனர். தென்னிந்தியத் திரையில் ஈழத்தமிழர் பெரும்பாலும் துப்பாக்கியோடு வருவர், அல்லது கண்ணீரோடு வருவர். இக்குடும்பமோ அயலவருடன் சிரித்துப் பேசி, அவர்களின் துயரில் பங்கெடுத்து வாழ்கிறது. தம் பேச்சு வழக்கை மறைத்து வாழ நேர்ந்தவர்களைக் காப்பாற்ற, அயலவர் அதே வழக்கில் பேசிக் காவல்துறையினரைத் திகைக்கச் செய்யும் காட்சியில் நான் கண்கலங்கினேன். நடிகர்களின் யாழ்ப்பாணத் தமிழ் ஆங்காங்கே காதை உறுத்தியது உண்மைதான்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எங்கள் கதையைச் சென்னை சொல்லும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை எடுத்தார். செங்கை ஆழியானின் நாவலான 'வாடைக்காற்று' 1978இல் படமானது. அந்த முளை தழைக்கவில்லை. இறக்குமதிப் படங்களோடு போட்டியிட முடியாமற் போனது ஒரு காரணம். 1983இன் தீயும் பின்வந்த போரும் மற்றொன்று. இன்று புலம்பெயர் நாடுகளில் சென்னை நட்சத்திரங்களை அழைத்து நடத்தும் ஒரே இரவு விழாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், ஈழத்து இளைஞர் சிலர் படமெடுக்க. விழாக்களை நடத்தும் அன்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அரங்க நிகழ்ச்சிகளில் என்னைக் கவர்ந்தது மட்டக்களப்புக் கிராமமொன்றில் விடியவிடியப் பார்த்த வடமோடிக் கூத்து. மேடை கிடையாது; வட்டக்களரிதான். அண்ணாவியாரின் மத்தளம் ஒலித்ததும் பகலில் வயலில் நின்ற மனிதர் அரசராகி ஆடினார். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடையேற்றி நகரத்தாரின் மதிப்பைப் பெற்றுத்தந்தார். அது பெரும்பணி. ஆனால் அதன் முழு வீச்சை அறிய, ஊராரோடு மண்ணில் அமர்ந்து ஓரிரவு கண்விழிக்க வேண்டும்.

பயணங்களில் முதலாவது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம். பவளக்கல் வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள், பருத்த பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகள். இக்கடலில்தான் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2025இல் அதற்கு 40 ஆண்டுகள் நிறைந்தன. குதிரைகளைப் படமெடுக்க விரைவோர், மாவிலித்துறையில் உள்ள நினைவிடத்தில் சற்று நின்று செல்லலாம். மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடாது.

இரண்டாவது மலையகம். ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் சென்றேன். நானுஓயாவைக் கடந்தபின் வந்த பனிமூட்டமும், 1921ஆம் ஆண்டின் ஒன்பது வளைவுப் பாலமும் மனதை நிறைத்தன. பத்து மாதம் கழித்து அதே மலைகள் சரிந்தன; பாதை பல இடங்களில் சிதைந்தது. உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களில் கண்டியும் பதுளையும் நுவரெலியாவும் இருந்தன.

இங்கேதான் பட்டியல் பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டுகிறது. யன்னலோரத்தில் இருந்து நாம் வியந்த பச்சைச் சரிவுகளின் நடுவே லயன் அறைகள் இருக்கின்றன. 1823ஆம் ஆண்டு முதலெனக் கணக்கிட்டு இருநூறு ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்த சமூகம் அது. அவர்களிற் பலருக்கு இன்றும் சொந்தக் காணி இல்லை. மண்சரிவு அபாயம் அறிந்திருந்தும் இடம்பெயர வேறு நிலம் இல்லாதவரிடம் எச்சரிக்கை அறிவித்தல் என்ன பயன் தரும்? பாதுகாப்பான நிலமும் அதற்குரிய உறுதிப் பத்திரமும் நிவாரணப் பொதிகளுக்கு முன்னரே பேசப்பட வேண்டியவை.

உல்லாசப் பயணிகள் தரும் வருமானத்தை நாடு கணக்கிடுகிறது. அந்த அழகை உழைத்து ஆக்கியோருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்றும் கணக்கிட வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர்கள் நெடுந்தீவுக்கும் செல்லுங்கள், மலையகத்துக்கும் செல்லுங்கள். ஆனால் படமெடுத்த கையோடு திரும்பாமல் ஒரு தோட்டத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்து, அங்குள்ளவரிடம் வீடு பற்றியும் காணி பற்றியும் கேளுங்கள். கேட்டதை உங்கள் ஊர் சங்கங்களிற் சொல்லுங்கள்.