பன்னிரண்டு குக்கீஸ் கணக்கு

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 110 கிலோமீட்டர் போனால் நாயுடுபேட்டை. சுவர்ணமுகி ஆற்றங்கரை ஊர்; திருப்பதிக்குச் சாலை பிரியும் இடம். நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்துவிட்டு, 2022-ல் புதிதாகப் பிறந்த திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில், தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி. கெல்லாக்ஸின் காலை உணவு ஆலையும், 2016-ல் மாண்டலெஸ் நிறுவனம் 134 ஏக்கரில் திறந்த காட்பரி சாக்லெட் ஆலையும் அங்கேதான். மேற்கே சித்தூர்ப் பக்கம் போனால் வேர்க்கடலையும் வெல்லமும். ஓட்ஸ் குக்கீஸுக்கு வேண்டிய மொறுமொறுப்பும் இனிப்பும் இப்படி ஊரைச் சுற்றியே கிடக்கின்றன. ஓட்ஸ் தூரத்திலிருந்து வரவேண்டியது.

வட இந்தியாவில் ஓட்ஸ் விளையாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. கடையில் பாக்கெட்டில் வரும் ஓட்ஸுக்கான தானியத்தில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியாவது. பார்வைக்கு அந்நியமாக இருந்தாலும் தயாராகும் விதம் நமக்குப் பழக்கமானதே. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து அவல் ஆக்குகிறோம். ஓட்ஸை உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே தட்டையாக்குகிறார்கள். ஓட்ஸ் அவல் என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரிந்துவிடும்.

குக்கீஸ் அமெரிக்காவின் கொடை. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே ஓட்ஸ் குக்கீஸ் உண்டு. அதில் சாக்லெட் துண்டுகளைப் போடும் வழக்கம் 1930-களுக்குப் பின் வந்தது. மாசசூசெட்ஸில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் சாக்லெட் சிப் குக்கீஸ் புகழ்பெற்ற பிறகுதான் அது பரவியது.

இந்திய வீடுகளுக்குள் ஓட்ஸ் வந்தது ருசிக்காக அல்ல, டாக்டர் சொன்னதற்காக. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்தைத் தினம் 3 கிராம் சாப்பிட்டால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று விளம்பரம் செய்ய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி தந்தது. அதன் பிறகு உலகெங்கும் ஓட்ஸுக்கு மவுசு. ஆனால் உப்புச் சப்பில்லாத கஞ்சியை எத்தனை நாள் குடிப்பது? குக்கீஸ் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். 'ஓட்ஸ்தானே, உடம்புக்கு நல்லது' என்று சர்க்கரை நோயாளியின் தட்டிலும் இரண்டு விழுகின்றன. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் அந்த இரண்டையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

முதலில் செய்முறை. தட்டை ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், வெல்லத்தூளும் சர்க்கரையும் தலா 60 கிராம், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 60 கிராம், உலர்ந்த திராட்சை 40 கிராம், ஒரு மேஜைக்கரண்டி எள், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப் பொடி. வெண்ணெயையும் இனிப்பையும் நன்றாகக் குழைத்து, சோடா கலந்த மாவைச் சேர்த்து, இரண்டு மூன்று கரண்டி பால் விட்டுப் பிசைய வேண்டும். ஓட்ஸும் கடலையும் எள்ளும் திராட்சையும் கடைசியில்தான். மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் சுடும்போது அகலமாகப் பரவாது. 24 உருண்டைகளாக்கி, லேசாகத் தட்டி, 180 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். ஓரம் சிவந்து நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆற ஆறத்தான் இறுகும். 'இன்னும் வேகவில்லையே' என்று உள்ளே விட்டால் பல்லுக்குச் சோதனை.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான பழைய வாணலியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிச் சூடாக்கிச் சுடலாம், நேரம் கூடுதலாகும். பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் காயவைக்கும் வித்தையைக் குக்கர் கம்பெனிகள் ஏற்பதில்லை.

மொறுமொறுப்புக்கு எதிரி ஈரம். வெல்லம் ஈரத்தை இழுக்கும். வெல்லம் மட்டும் போட்டால் மணம் தூக்கும், குக்கீஸ் தளரும். அதனால்தான் பாதி சர்க்கரை. புலிக்காட் ஏரிக் காற்று அடிக்கும் ஊர்களில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், நன்கு ஆறிய பிறகே இறுக மூடும் டப்பாவில் போட வேண்டும். கார்ன்ஃபிளேக்ஸ் சேர்ப்பவர்கள் அதைப் பிசையாமல், உருண்டையின் மேல் ஒற்றி எடுப்பது நல்லது. சித்திரை வெயிலில் சாக்லெட் துண்டுகள் கையிலேயே உருகும். குளிர்பெட்டியில் வைத்துக் கடைசி நிமிடத்தில் கலக்கலாம். டூட்டி ஃப்ரூட்டி பழமாயிற்றே என்று அள்ளிப் போடுபவர்கள், அது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய் என்பதை நினைவில் கொள்ளலாம்.

இப்போது கணக்கு. ஒரு குக்கீஸில் ஓட்ஸ் 6 கிராம்தான். இனிப்பு 5 கிராம், வெண்ணெய் 4 கிராம், மொத்தம் சுமார் 110 கலோரி. அந்த 3 கிராம் பீட்டா குளூக்கனுக்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் தேவை. அதாவது பன்னிரண்டு குக்கீஸ். அதோடு 60 கிராம் சர்க்கரையும் வெல்லமும், 50 கிராம் வெண்ணெயும், 1,300 கலோரியும் உள்ளே போகும். சேர்க்கும் சர்க்கரை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. வெல்லத்துக்கு இதில் சலுகை இல்லை. அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கிளம்பி, அதை ஏற்றும் வெண்ணெயோடு வீடு திரும்பும் கதை.

அப்படியானால் வீட்டில் எதற்குச் செய்வது? என்ன போடுகிறோம் என்பது தெரியும் என்பதற்காக. கடை பாக்கெட்டில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுவரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'ஓட்ஸ்' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பிஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் முந்திக்கொண்டு நிற்பதுண்டு. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு டப்பாவில் அந்தக் கவலையே இல்லை. இனிப்பை 80 கிராமாகக் குறைத்து, கடலையைக் கூட்டினாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. கடலையின் மணமும் திராட்சையின் தித்திப்பும் ஈடுகட்டிவிடும்.

அதிரசமும் முறுக்கும் போல இதுவும் ஒரு பட்சணம். பட்சணத்தைப் பட்சணமாகச் சாப்பிட்டால் ஒன்று போதும். மருந்தென்று நினைத்தால்தான் டப்பா காலியாகிறது. டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னால் கஞ்சி. விருந்தாளி வந்தால் குக்கீஸ்.