வாலில் மட்டுமே தமிழா?

சென்னைக் கோபாலபுரத்தில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை. ஔவையாராக வேடந்தாங்கி நாடக மேடையில் புகழ்கொண்ட தி. க. சண்முகனாரின் நினைவாக அங்கே ஔவை சண்முகம் சாலை ஓடுகின்றது. முன்பு அஃது இலாயிட்சு சாலை. அருகே கதீட்ரல் சாலையில், 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா பூத்துக் குலுங்குகின்றது. ஐந்து முறை தமிழகத்தை ஆண்ட மு. கருணாநிதியின் இல்லமும் அதே கோபாலபுரத்தில்தான். அங்கிருந்து காலாற நடந்தால், டி.டி.கே. சாலையில் உள்ள மியூசிக் அகாதெமி அரங்கை அடைந்துவிடலாம்.

பலகையில் தமிழ் இருக்கின்றது; பூங்காவில் தமிழ் இருக்கின்றது. ஆனால், அரங்கின் கதவைத் திறந்து உள்ளே சென்றால் தமிழ் எங்கே இருக்கின்றது?

மார்கழித் திங்களில் அவ்வரங்கிலும், அதனைச் சூழ்ந்த மயிலாப்பூர், தியாகராயநகர் அரங்குகளிலும் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சியின் நடுவே, பாடுவோர் தம் புலமை முழுவதையும் காட்டி விரித்துரைக்கும் முதன்மைப் பாட்டுப் பெரும்பாலும் தெலுங்காக இருக்கும். அன்றேல் சமற்கிருதமாக இருக்கும். அவையெல்லாம் முடிந்து, கேட்போருள் பாதிப்பேர் சிற்றுண்டிச் சாலையை நோக்கி எழுந்த பின்னர், ஐந்து நிமையத்திற்கு ஒன்றாகச் சில தமிழ்ப் பாட்டுகள் வரும். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘துக்கடா’. துக்கடா என்றால் துண்டு! மூவாயிரம் பேர் கூடினாலும் முந்நூறு பேர் கூடினாலும், தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் வாழும் தெருவில், தமிழுக்குக் கிடைத்த இடம் வால்!

இன்று தமிழ்ப் பாடல்கள் முன்னினும் மிகுதியாகப் பாடப்படுகின்றன என்பது மெய்யே. அஃது அரங்கத்தார் மனமிரங்கி அளித்த கொடையன்று. தமிழிசை இயக்கம் போராடிப் பெற்ற பயன். ஆயினும், வால் சற்றே நீண்டிருக்கின்றதேயன்றித் தலை இன்னும் மாறவில்லை.

இவ்வால் இடம் இசையோடு நின்றிருந்தால், இசையறிந்தோர் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என விட்டுவிடலாம். நிற்கவில்லையே! அரங்கில் தமிழுக்கு எந்த இடமோ, ஆட்சியிலும் அதே இடம். வழக்குமன்றத்திலும் அதே இடம். எங்கே பொருளும் பெருமையும் அதிகாரமும் மிகுமோ அங்கே தமிழ் வெளியே நிறுத்தப்படும். எங்கே அவை தேய்ந்து கூலியாகச் சுருங்குமோ அங்கே தமிழ் உள்ளே அழைக்கப்படும். இந்நாட்டின் எழுதாச் சட்டம் இதுவே.

மேடையில் நடந்தது

தமிழிசைக்கு வேர் இல்லை, இலக்கணம் இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளையும் வாழ்வையும் செலவிட்டு, 1917-ஆம் ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டினார். பின்னர், 1941-ஆம் ஆண்டு அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்பதே அதன் வேண்டுகை. தாய்வீட்டில் மகள் உண்ண இடம் கேட்பது போன்ற அவ்வெளிய வேண்டுகைக்கும் எதிர்ப்பு எழுந்தது. இசையின் தரத்தைத் தாழ்த்தும் வகையில் மொழி பற்றிய எண்ணம் இசைக்குள் நுழைதல் கூடாது என்னும் கருத்தில், அதே ஆண்டின் இறுதியில் மியூசிக் அகாதெமி தீர்மானம் இயற்றியது. அண்ணாமலையரசர் 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தனியே நிறுவ நேர்ந்ததன் பின்னணி இதுதான்.

இசைக்கு மொழியில்லை என்று இன்றும் சிலர் மெய்யியல் பேசுகின்றனர். இசைக்கு மொழியில்லை என்றால், தமிழில் பாடுவதால் மட்டும் தரம் எவ்வாறு தாழும்? தெலுங்கில் பாடும்போது இல்லாத மொழி, தமிழில் பாடும்போது மட்டும் எங்கிருந்து வந்து குறுக்கே நிற்கின்றது? தெலுங்கின்மேல் தமிழர்க்குப் பகையில்லை. தெலுங்கர் நாட்டு மேடையில் தெலுங்கே தலைமை பெறட்டும், அதுவே முறை. அம்முறையைத் தமிழ்நாட்டில் தமிழுக்குக் கேட்டால் மட்டும் குறுகிய நோக்கம் என்பதா?

இஃது ஒரு குலத்துக்கும் மற்றொரு குலத்துக்கும் இடையே எழுந்த பூசல் என்று திரிப்போரும் உளர். தமிழிசைக்காக வாதிட்டோருள் இராசாசியும் இருந்தார். எழுத்தாளர் கல்கியும் இருந்தார். வழக்கு மொழியின் உரிமை பற்றியது, பிறப்பைப் பற்றியதன்று.

1946-ஆம் ஆண்டு திருவையாற்று இசைவிழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் மேடை தீட்டாகிவிட்டதெனப் பேசப்பட்டதாகச் செய்தி எழுந்தபோது, ‘தீட்டாயிடுத்து’ என்னும் தலைப்பில் ‘குடிஅரசு’ இதழில் கண்டனம் எழுதினார் ஓர் இளைஞர். அவர்தாம் பின்னாளில் கோபாலபுரத்தில் குடியேறி முதலமைச்சரான கருணாநிதி. கண்டித்தவர் நாடாண்டார்; அவர் இல்லத்துக்கு அண்மையில் இருந்த அரங்கிலோ துக்கடா துக்கடாவாகவே இருந்தது. கோட்டையைப் பிடிப்பது வேறு, மேடையை மீட்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மார்கழியின் மற்றொரு முகத்தையும் காணவேண்டும். அரங்குகளுக்கு மார்கழி அறுவடைக் காலம். ஆனால், மணவிழாக்களை நம்பி வாழும் நாகசுரக் கலைஞர்க்கும் தவில் கலைஞர்க்கும் மார்கழி வறண்ட திங்கள். மார்கழியிலும் ஆடியிலும் தமிழர் வீடுகளில் மணவிழா நடப்பதில்லை. ஒரே நகரில், ஒரே திங்களில், ஓர் இசைக்குப் பொன்னாடை. மற்றோர் இசைக்கு அடகுக்கடை! தமிழரின் பெருங்கருவி நாகசுரம். அதன் பேரரசராகத் திகழ்ந்து 1956-இல் மறைந்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் பெயர், அகாதெமியின் ‘சங்கீத கலாநிதி’ பட்டியலில் இல்லை. பேரரசர்க்கே அந்நிலை என்றால், சிற்றூர்க் கோயில் வாயிலில் ஊதுகின்றவர் நிலை என்னாகும்? பறையடிப்பவர் நிலை என்னாகும்? நாட்டுப்புறக் கலைஞர்க்கென 2007-இல் நல வாரியம் அமைந்தது. பொங்கலையொட்டிச் சென்னைச் சங்கமமும் அதே ஆண்டு தொடங்கியது. நல்லதே. ஆனால், சில நாள் பூங்காவில் ஆடவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் மறந்துவிடுவது கலையைப் போற்றுவதாகாது.

தேர்வில் நடப்பது

மேடையில் கண்ட அதே வாலைத் தேர்வுக் கூடத்திலும் காணலாம்.

1965-ஆம் ஆண்டு தமிழ் இளைஞர் தீக்குளித்தும் சுடப்பட்டும் மாண்ட பின்னர், 1968 சனவரியில் இந்திய நாடாளுமன்றம் ஆட்சிமொழித் தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. அனைத்திந்தியப் பணிகளுக்கும் உயர்நிலை நடுவண் பணிகளுக்கும் உரிய தேர்வுகளில், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தும் ஆங்கிலமும் மாற்று வாயில்களாக இருக்கலாம் என்பது அதில் அளிக்கப்பட்ட உறுதி. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. அவ்வுறுதி அளிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

நிறைவேறியது என்ன? கோத்தாரிக் குழுவின் பரிந்துரைப்படி, 1979 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம் என்றாயிற்று. ஆனால் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! முதனிலைத் தேர்வின் வினாத்தாளும் அவ்வாறே. அலகாபாத்து மாணவன் தன் வீட்டு மொழியில் வினாவைப் படிக்கின்றான். அரியலூர் மாணவன் அயல்மொழியில் படித்து, தன் மனத்துள் மொழிபெயர்த்து, பின்னர் விடை தேடுகின்றான். இருவர்க்கும் கடிகாரம் ஒன்றே. இதன் பெயர் ‘திறமைப் போட்டி’!

இந்த அரைக்கதவையும் சாத்த முயன்ற காலமும் உண்டு. 2013 மார்ச்சில், தாய்மொழியில் விடையெழுதுவதற்குக் கட்டுப்பாடுகள் விதித்து, ஆங்கிலத் திறனுக்கு மதிப்பெண் சேர்த்துத் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிட்டது. நாடாளுமன்றத்திலும் தமிழகத்திலும் எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

இனி, உள்ளத்தைச் சுடும் செய்தியைத் தமிழர் கருதிப் பார்க்கட்டும். 2023-இல், நடுவணரசு அலுவலகங்களின் கடைநிலைப் பணியாளர்க்கான தேர்வு, தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மாநில மொழிகளில் நடத்தப்பட்டது. 2024-இல், நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வும் அவ்வாறே நடத்தப்பட்டது. தமிழகம் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்ற உரிமை அது, வரவேற்கத் தக்கதே. ஆனால் அதன் உட்பொருள் என்ன? கோப்பைச் சுமப்பதற்குத் தமிழில் தேர்வெழுதலாம். கோப்பில் கையெழுத்திடுவதற்குத் தமிழில் வினாவைப் படிக்க முடியாது. துமுக்கி ஏந்தத் தமிழ் போதும். ஆணையிடத் தமிழ் போதாது. இசையரங்கின் துக்கடா, ஆட்சியரங்கிலும் வந்து அமர்ந்துகொண்டது!

மொழிபெயர்ப்பது கடினம் என்று காட்டும் சாக்கு இனிச் செல்லாது. இலக்கக் கணக்கானோர் எழுதும் காவலர் தேர்வுக்கு மொழிபெயர்க்க முடிந்தது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் உயிரியலையும் வேதியியலையும் தமிழில் அச்சிட முடிகின்றது. வரலாற்றையும் புவியியலையும் மட்டும் முடியாதா? ஆட்சிப் பணிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதும் சாக்கே. அதற்கென்றே முதன்மைத் தேர்வில் முந்நூறு மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத் தாள் தனியே உள்ளது. அதில் தேறாதவர்க்குப் பிற தாள்கள் மதிப்பிடப்படுவதே இல்லை. ஆங்கிலத்தை ஒருமுறை அளந்தான பின்னரும், ஒவ்வொரு வினாவிலும் அதனையே மீண்டும் அளப்பது ஏன்?

வழக்குமன்றத்திலும் இதே கதைதான். கீழ்நிலை மன்றங்களில் தமிழ் உண்டு, உயர்நீதிமன்றத்தில் இல்லை. தமிழை அங்கு ஏற்கவேண்டி 2006-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் இசைவு கிட்டவில்லை. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இசைவு உண்டு.

வறுமையின் வேர்

இவற்றால் இழப்பவர் யார்? பெருநகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர்க்கு இழப்பில்லை. உழவரின் மகனும், நெசவாளர் மகளும், நாகசுரக் கலைஞரின் பிள்ளையும், பறைக் கலைஞரின் பிள்ளையுமே இழக்கின்றனர். தந்தைக்கு மேடையில் வால். பிள்ளைக்குத் தேர்வில் வால்! ஒரு தலைமுறையின் கூலியைக் குறைத்த அதே கை, அடுத்த தலைமுறையின் பதவியையும் பறிக்கின்றது. பொருள் ஏற்றத்தாழ்வுக்கு நிலத்தையும் முதலையும் மட்டுமே கரணியமாகச் சொல்வோர், மொழியையும் அக்கணக்கில் சேர்க்கட்டும். மொழி வெறும் உணர்ச்சிப் பொருளன்று. அது சோற்றுப் பொருள்.

பிறரைக் குற்றஞ்சாட்டிவிட்டுத் தமிழர் கைகழுவ இயலாது. 1967 முதல் தமிழ்ப் பெயர் சொல்லிய கட்சிகளே தமிழகத்தை ஆண்டன. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் இருபது விழுக்காடு முன்னுரிமை வந்தது 2010-இல். தமிழகத்தில் அரசுப் பணி பெறத் தமிழ்த் தாளில் நாற்பது விழுக்காடேனும் பெறவேண்டும் என்னும் ஆணை வந்தது 2021-இல். இடையே, 2012-13-இல், அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்துவிட்டதும் தமிழர் அரசுதான். ஒரு கையால் தமிழ்வழியினர்க்கு முன்னுரிமை தந்து, மறு கையால் தமிழ்வழியையே சுருக்குவது என்ன ஆட்சி? 2023 முதல், ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதனிலைத் தேர்வுக்கு அணியமாகத் திங்கள்தோறும் 7,500 உருபா வீதம் பத்துத் திங்கள் வழங்குகின்றனர். பாராட்டத் தக்கதே. ஆயினும் ஓடுகின்றவனுக்குப் பால் வார்த்தால் மட்டும் போதுமா? காலில் பூட்டிய தளையை எவர் அறுப்பது?

வீட்டுக்குள்ளும் குற்றம் உண்டு. மணவிழாவில் ஒளிவிளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, நாகசுரக் கலைஞரிடம் மட்டும் பேரம் பேசும் தமிழர், மியூசிக் அகாதெமியைக் குறைகூறத் தகுதியுடையவரா? மேடையில் தமிழ் முழங்கிவிட்டு, மகளை ஆங்கில வழியில் சேர்ப்பவர் தேர்வாணையத்தைக் கண்டிக்க வாய்திறக்கலாமா?

செய்யவேண்டியவை தெளிவானவை. 1968 தீர்மானத்தின் உறுதிப்படி, குடிமைப் பணித் தேர்வின் இரு நிலைகளிலும் வினாத்தாள் தமிழில் வேண்டும். தமிழக அரசின் நல்கையோ விளம்பரமோ பெறும் ஒவ்வோர் இசைவிழாவிலும், நிகழ்ச்சியின் தலைமைப் பாட்டுத் தமிழாதல் வேண்டும். நாகசுரம், பறை முதலிய தமிழ்க் கலைகளுக்கும் பிற கலைகளுக்கு ஒப்பான ஊதியம் வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழி சுருங்காமல் வளர்தல் வேண்டும். இவை இரவலாகக் கேட்கும் பொருள்களல்ல; உரியவர் கேட்கும் உரிமைகள்.

கோபாலபுரத்துப் பலகைகளில் தமிழ் எழுதியாயிற்று. அரங்கின் நடுவிலும், வினாத்தாளின் முகப்பிலும், உயர்நீதிமன்றத் தீர்ப்பிலும் அது எழுதப்படும் நாளே தமிழர் தலைநிமிரும் நாள். அந்நாள் தானே விடியாது. விடிய வைத்தல் வேண்டும். தலையாய் இருக்கவேண்டிய மொழியை வாலாய் இருக்க விட்ட இனம், தானும் வாலாய்த்தான் இருக்கும்!