கேட்பதற்கும் ஒரு பட்டணமா?

தென் ஜில்லாக்களிலிருந்து பட்டணம் வருகின்ற ரயில்கள் விடிகின்ற வேளையில் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து நிற்கின்றன. கலியாண விஷயமாக அவற்றிலிருந்து இறங்குகின்றவர்கள் இரண்டு வகை. ஒரு வகையார், ஜாதகமும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஒரு வீட்டிற்குப் பெண் பார்க்கப் போகின்ற கூட்டத்தார். மற்றவன் தனியாக வருகின்ற வாலிபன். ஊரில் பழகி, இப்போது பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கின்ற ஒரு பெண்ணைச் சந்தித்து, “என்னை மணந்துகொள்ளச் சம்மதமா?” என்று நேரில் கேட்டுவிட வேண்டுமென்று, எந்த நாள், எந்த இடம், என்ன வார்த்தை என்பது வரையில் மனதிற்குள் திட்டம் போட்டுக்கொண்டு வருகின்றவன்.

முதல் வகையாரை ஊரார் கௌரவமானவர்கள் என்கின்றார்கள். இரண்டாமவனைக் கெட்டுப்போனவன் என்கின்றார்கள். இந்தத் தீர்ப்பு தலைகீழான தீர்ப்பு என்பது நம் அபிப்பிராயம்.

பெண் பார்க்கப் போகின்ற கூட்டத்தார் யாரை என்ன கேட்கின்றார்கள்? ஜோசியனைப் பொருத்தம் கேட்கின்றார்கள். தகப்பனாரை நகை எத்தனை பவுன் என்று கேட்கின்றார்கள். தரகனை ஜாதி, உட்ஜாதி, கோத்திரம் எல்லாம் கேட்கின்றார்கள். வாழப் போகின்ற பெண்ணை மட்டும், நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பாடச் சொல்லிப் பார்ப்பார்கள். சம்மதமா என்று கேட்கமாட்டார்கள். சந்தையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். மாட்டிற்காவது வாங்குகிறவன் பணம் கொடுக்கின்றான். இங்கே பெண்ணையும் கொடுத்துப் பணத்தையும் கொடுக்கின்றார்கள்.

தாம்பரத்திற்குத் தெற்கே சிறிது தூரத்தில் செங்கற்பட்டு இருக்கின்றது. அந்தச் செங்கற்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, ஆணும் பெண்ணும் ஜாதி மத பேதமின்றித் தங்கள் துணையைத் தாங்களே தெரிந்தெடுத்துக்கொள்ள உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பெண்ணுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் வேண்டுமென்றது. கிட்டத்தட்ட நூறு வருஷமாகப் போகின்றது. ஆகவே, பெண்ணிடமே போய்க் கேட்பது என்று புறப்பட்ட வாலிபனை நாம் கேலி செய்ய மாட்டோம், வரவேற்போம்.

நிற்க. அவனுக்கும் நாம் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கேள்வி என்றால் அதற்கு இரண்டு பதில் இருக்க வேண்டும். சிலர் இக்காலத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் நாலு சிநேகிதர்களை நிறுத்தி வைத்து, படம் பிடிக்கச் சொல்லி, கடன் வாங்கிய மோதிரத்தோடு மண்டியிட்டு, நூறு பேர் பார்க்கக் கேட்கின்றார்கள். அவ்வளவு பேர் கை தட்டக் காத்திருக்கும்போது ஒரு பெண் “இல்லை” என்று எப்படிச் சொல்வாள்? அது கேள்வியல்ல, நிர்ப்பந்தமேயாகும். “இல்லை” என்று அவள் சொன்னால், கோபமின்றி அடுத்த ரயிலுக்கு ஊர் திரும்பத் தயாராயிருக்கின்றவனே கேட்கின்ற யோக்கியதை உள்ளவன். மற்றவன் பெண் பார்க்கப் போன கூட்டத்தின் தம்பிதான்.

இதைக் கேட்பதற்கு அவன் ஏன் பட்டணம் வரவேண்டும்? ஊரில் குளத்தங்கரையில்லையா, பள்ளிக்கூடத்துத் திண்ணையில்லையா? இருக்கின்றன. ஆனால் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஜாதி இருக்கின்றது. ஒவ்வொரு ஜாதிக்கும் ஓர் அரிவாள் இருக்கின்றது. அதற்குப் பயந்துதான் இங்கே வருகின்றான். இங்காவது பயமில்லையா? தாம்பரம்–வேளச்சேரி சாலையிலுள்ள பள்ளிக்கரணையில் 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம், வேறு ஜாதிப் பெண்ணைக் காதலித்து மணந்த, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரனும் கூட்டாளிகளும் கைது செய்யப்பட்டார்கள். இரண்டு மாதத்திற்குள் அந்தப் பெண்ணும் உயிர் துறந்தார். ஆகவே, ஊரை விட்டு ஓடிவந்தால் ஜாதி பின்னால் வராது என்பது வெறும் பிரமை. ஜாதியும் அதே ரயிலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகின்றது.

இதற்குச் சட்டம் என்ன செய்தது? 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, சடங்கில்லாத சுயமரியாதைக் கலியாணம் செல்லாது என்றது. 1967-ல் முதன்மந்திரி அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி, உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னிலையில், தங்களுக்குப் புரிகின்ற பாஷையில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ, விரலில் மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதன் வேண்டாம். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு, இத்தகைய கலியாணத்தை ஊரறியப் பகிரங்கமாகச் செய்ய வேண்டுமென்று கட்டாயமில்லை, அப்படிக் கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து வரக்கூடும் என்று சொல்லிற்று. மதம் வேறானவர்களுக்கு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கின்றது. ஆனால் அதில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். உயிருக்குப் பயந்து வந்தவர்களுக்கு அந்த முப்பது நாளும் முப்பது கண்டம்.

இவ்வளவு இருந்தும், பெண் “சரி” என்று சொன்ன மறுநாளே நம் வாலிபன் ஜோசியனிடம் ஓடி முகூர்த்தம் கேட்பானேயானால், அவனைப் பார்த்து நாம் வெட்கப்படவே செய்வோம். தன் புத்தியால் துணையைத் தெரிந்துகொண்டவனுக்கு நாளைத் தெரிந்துகொள்ள இன்னொருவன் புத்தி எதற்கு?

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனும் மகளும் களவு செய்பவர்களைப்போல் பட்டணத்திற்கு வந்து ஒளிந்து பேச வேண்டியிருப்பது அவர்களுடைய ஒழுக்கக் குறைவல்ல. உங்கள் வீட்டின் குறைவு. உங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒருவன் கேட்கவும், உங்கள் மகள் அங்கேயே சரியென்றோ இல்லையென்றோ சொல்லவும், இரண்டில் எதைச் சொன்னாலும் நீங்கள் சாப்பாடு போட்டு அனுப்பவும் என்றைக்கு முடிகின்றதோ, அன்றைக்குத்தான் செங்கற்பட்டுத் தீர்மானம் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம். அதுவரை அது தாம்பரம் ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லை என்றே நாம் சொல்லுவோம்.